கழிவறை அடுத்த கட்டத்தில்

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தைப் புதுப்பிக்கப் பேரூராட்சி நிதி ஒதுக்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மன்றத்தின் பொருளாளர் போனில் கத்தினார். அவர் எலெக்ட்ரீசியன், என்னைவிட இளையவர்.

"அக்கா, சாங்ஷன் ஆயிருச்சுக்கா! இப்பத்தான் தீர்மானம் போட்டுட்டு வெளிய வாராங்க!"

கடையென்றும் பாராமல் கைதட்டிவிட்டேன். பெரியவர் தனக்குத்தான் ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தார். அந்தக் கைதட்டலை இன்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பேரூராட்சிக்குச் சொந்தமான இடத்தில் ஒரு நீளமான கூடம், பின்னால் செம்மண் மைதானம். சங்கமாகப் பதிவு செய்து, ஊர்க்காரர்கள் தருவதை வைத்து நடத்தி வந்தோம். சாயங்காலமானால் பையன்கள் கேரம் ஆடுவார்கள், எடை தூக்குவார்கள். பெண்பிள்ளைகள் போலீஸ் தேர்வுக்குப் படிப்பார்கள், மைதானத்தில் ஓடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்து படித்தவள்தான். அரசு வேலை கிடைக்கவில்லை. மன்றத்துச் செயலாளர் வேலை கிடைத்தது, சம்பளம் இல்லாமல். வேறு யாரும் அதற்குப் போட்டியிடவில்லை.

கஜா புயலில் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் பாதி பறந்துபோனது. அன்றிலிருந்து தார்ப்பாய்தான். பின்பக்கம் ஒரே ஒரு கழிவறை, அதன் கதவு கீழே அரித்துப்போய் முழங்கால் தெரியும். ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அதனால் நாங்கள் கேட்டது மூன்றே விஷயம். கூரை, பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்றும் இடத்தோடு ஒரு கழிவறை, மைதானத்துக்கு விளக்கு. அழகுக்கென்று எதையும் கேட்கவில்லை. அளவெடுக்க வந்த இன்ஜினியரைக் கையைப் பிடிக்காத குறையாகப் பின்பக்கம் அழைத்துப் போய் அந்தக் கதவைக் காட்டினேன். "கண்டிப்பா பண்ணிரலாம் மேடம், இதுதான மொத வேலை" என்றார்.

சொன்னபடியே அதுதான் முதல் வேலையாக நடந்தது. பழைய கழிவறையை இடித்தார்கள்.

இடித்த இடத்தில் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று நினைத்து, "கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அங்கே வந்து இறங்கியது கான்கிரீட் பலகைகள். சமையற்கூடமாம். மன்றத்தில் எதற்குச் சமையற்கூடம் என்று கான்டிராக்டரைக் கேட்டேன். "பிளான்ல இருக்குங்க, நான் என்னத்தக் கண்டேன்" என்றார். கூடத்துக்குள் தரையை உடைத்து வழுவழுவென்று டைல்ஸ் போட்டார்கள். ஒரு ஓரத்தில் மேடை. மேடைக்குப் பக்கத்தில் ஏசி வைத்த அறை. வாசலில் வளைவு, வளைவில் பெயர்கள். நாங்கள் கேட்டதில் கூரை மட்டும் போட்டார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மேடைக்கு மேலே மழை ஒழுகக் கூடாது அல்லவா?

எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண். ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தது அவரை. ஆனால் ஊரில் யாரும் அவரைக் கவுன்சிலர் என்று சொல்வதில்லை. அவர் கணவரைத்தான் "கவுன்சிலர்" என்று கூப்பிடுவார்கள். ஜெயித்தவர் வெறும் "கவுன்சிலர் வீட்டம்மா." கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து வேலையை மேற்பார்வை பார்ப்பார். அவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, பிள்ளைகளுக்கு டாய்லெட் எங்கண்ணே வருது?"

"அது அடுத்த கட்டம் தங்கச்சி. மொத முகப்பு நல்லா இருக்கணும். மந்திரி வந்தா பாக்குறது முகப்பத்தான?"

"டாய்லெட்டுன்னு சொல்லித்தானண்ணே நாங்க எழுதிக் குடுத்தோம்?"

"எழுதிக் குடுக்குறது உங்க வேலை. கட்டுறது எங்க வேலை. நீங்க கேட்டதுக்கு மேல நிக்கிது பாரு, கல்யாண மண்டபம் தோத்துரும்."

அவர் வாய் தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திறப்பு விழா முடிந்து ஆட்கள் கலைந்ததும் கூடத்தைப் பூட்டினார்கள். சாவி கவுன்சிலர் வீட்டுக்குப் போனது. "புது டைல்ஸ், பசங்க வெயிட்டு கியிட்டப் போட்டு ஒடைச்சிருவாங்க. விசேசம் இல்லாத நாள்ல கேட்டு வாங்கிக்கங்க" என்றார்கள். விசேஷம் இல்லாத நாள் எது? காதுகுத்து, பூப்புனித நீராட்டு, நிச்சயதார்த்தம், வளைகாப்பு. எதுவும் இல்லாத நாளில் போனால் சாவி வைத்திருப்பவர் அறந்தாங்கி போயிருப்பார்.

யாருடைய பெயரைச் சொல்லி நிதி வாங்கினார்களோ அந்தப் பிள்ளைகள் மைதானத்து வேலியோரம் நின்று, தங்கள் கூடத்தில் யாரோ பந்தி சாப்பிடுவதைப் பார்த்தார்கள். கேரம் பலகையும் எடைகளும் பொருளாளர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போயின. புத்தக அலமாரியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். படுக்கையறையில் அதை வைத்தபிறகு பீரோவைத் திறக்க வழியில்லை.

இருந்தும் பெண்பிள்ளைகள் ஓட வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தைலமரக்காட்டுக்கு அங்கிட்டு இருக்கும் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவாள். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவள் ஓடுவதைப் பார்த்தால் நாமே நிமிர்ந்து உட்காருவோம்.

ஒருநாள் அவள் அம்மாவோடு மருந்துக்கடைக்கு வந்தாள். சீட்டை நீட்டினாள். இத்தனை வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், சீட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சிறுநீர்த் தொற்று. காய்ச்சலில் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"தண்ணி குடிக்கிறதில்லையாத்தா?" என்று கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மத்தியானத்துக்கு மேல குடிக்கிறதில்லக்கா. குடிச்சா அங்க எங்கிட்டுப் போறது? காட்டுப் பக்கம் போனா பசங்க பைக்க நிறுத்திக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள்.

பகலெல்லாம் வெயில். சாயங்காலம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். அவளைப் போல மற்றவர்களும் அப்படித்தான் என்று அப்புறம் விசாரித்தபோது தெரிந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும் என்று விட்டுவிட்டார்கள்.

அவள் அம்மா மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இனிமே இவ வரமாட்டா. தப்பா நெனைக்காதீங்க. ஒடம்பு போனா எங்களால பாக்க முடியாதுங்க" என்றார். கொஞ்ச நாளில் அந்தப் பெண் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். உடல்தகுதித் தேர்வு நடந்த நாளில் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. அன்று வந்ததற்கு வேறு பெயர். சோறு இறங்கவில்லை, கடையில் யாராவது சாதாரணமாக ஒன்று கேட்டால் கூட வெடுக்கென்று பேசினேன். "ஒனக்கென்ன, ஒம்புள்ளையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வார்டு மக்களின் பகுதி சபா கூட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் கூட்டம் மன்றத்துக் கூடத்திலேயே நடந்தது. எங்கள் கூடத்துக்குள் நான் அழைப்பின் பேரில் நுழைந்தேன். மேடையில் பேரூராட்சிச் செயல் அலுவலர், அவருக்குப் பக்கத்தில் கவுன்சிலரின் கணவர், ஓரத்து நாற்காலியில் கவுன்சிலர். சாக்கடை பற்றியும் தெருவிளக்கு பற்றியும் பேசினார்கள். என் முறை வந்ததும் எழுந்தேன்.

"இந்தக் கட்டடத்துக்கு நிதி வந்தது எங்க பிள்ளைகளுக்காக. அந்தப் பிள்ளைகள் ஒண்ணுக்குப் போக இடமில்லாமத் தண்ணி குடிக்காம ஓடுறாங்க. ஒரு பிள்ளைக்கு நோவு வந்து படிப்பு, வேலை எல்லாம் போச்சு. இருந்த கழிவறைய இடிச்சது யாரு? அதுக்குப் பதில் சொல்லுங்க."

ஆம்பளைகள் பலர் தரையைப் பார்த்தார்கள். புது டைல்ஸ், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கணவர் மைக்கை வாங்கினார். "தங்கச்சி, பொம்பளப் புள்ளைக சமாச்சாரத்த சபையில வச்சுப் பேசலாமா? தனியா வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"தனியா வந்துதானண்ணே மொதல்ல கேட்டேன். அடுத்த கட்டம்னீங்க. நான் உங்களக் கேக்கல. நான் ஓட்டுப் போட்டது அவங்களுக்கு. அவங்க பதில் சொல்லட்டும்."

எல்லோரும் ஓரத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். கவுன்சிலர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். அவரை மாட்டிவிட்டோமோ என்று ஒரு கணம் எனக்கே சங்கடமாக இருந்தது. கணவர் "அவளுக்கு என்ன தெரியும்" என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் கவுன்சிலர் எழுந்தார். மைக் வேண்டுமென்று கேட்கவில்லை.

"சாவி நாளைக்குக் காலையில மன்றத்துக்கு வந்துரும். நானே கொண்டாந்து தாரேன்."

அவ்வளவுதான் சொன்னார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. "டாய்லெட்டு?" என்று கேட்டேன். அதற்குச் செயல் அலுவலர்தான் பதில் சொன்னார், ரொம்ப மரியாதையாக.

"இந்த வேலைக்கான நிதி முடிஞ்சிருச்சுங்க மேடம். அடுத்த கட்டத்துல கண்டிப்பா எடுத்துக்கலாம்."

மறுநாள் காலை கவுன்சிலர் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து சாவியைக் கொடுத்தார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. கண் சிவந்திருந்தது. வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "முகூர்த்த நாள்ல மட்டும் விசேசத்துக்குக் கேப்பாங்க. அத என்னால தடுக்க முடியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த கட்டத்துக்கு நாங்கள் காத்திருக்கவில்லை. மன்றத்தில் படித்துச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்கள் கொஞ்சம் அனுப்பினார்கள். செங்கல் சூளைக்காரர் செங்கல் தந்தார். பொருளாளர் வயரிங் செய்தார், மோட்டார் போட்டார். பையன்கள் குழி வெட்டினார்கள். உடை மாற்ற ஓர் அறை, இரண்டு கழிவறைகள், உள்ளே தாழ்ப்பாள், உள்ளே தண்ணீர். தாழ்ப்பாளை நானே நாலைந்து தரம் போட்டுத் திறந்து பார்த்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு ஊர் என்னைப் பாராட்ட ஆரம்பித்தது பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. "கவர்மெண்ட நம்பாம நீங்களே சாதிச்சிட்டீங்க" என்கிறார்கள். எதற்காக நாங்கள் சாதிக்க வேண்டும்? வீட்டு வரி கட்டுகிறோம், தண்ணீர் வரி கட்டுகிறோம். நிதி வந்தது, செலவும் ஆனது. யாரோ பாலைவனத்தில் வியர்வை சிந்திய காசில் எங்கள் பிள்ளைகள் ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால், அந்த ஏசி அறை யாருக்கு?

கட்டி முடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. செயல் அலுவலர் ஒரு போட்டோகிராபரோடு ஜீப்பில் வந்து இறங்கினார். நேராகப் பின்பக்கம் போனார்.

"நல்லா வந்திருக்கு மேடம். ரெண்டு பிள்ளைகள முன்னாடி நிக்கச் சொல்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்."

"எதுக்குங்க சார்?"

"முடிவுற்ற பணிகள்னு ஒரு ஆல்பம் மேலிடத்துக்கு அனுப்பணும்."

"இது உங்க பணி இல்லையே சார்."

"இடம் பேரூராட்சி இடம்தானேங்க? எல்லாமே மக்கள் பணிதான். இதுல என்ன உங்க பணி, எங்க பணி?"

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் கழிவறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "உள்ள பிள்ளை இருக்கு. போட்டோ எடுக்க முடியாது, அங்கிட்டுப் போங்க" என்றேன். உள்ளே யாரும் இல்லை. போட்டோகிராபர் பாவம், கேமராவை இறக்கிவிட்டார். செயல் அலுவலர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆனாலும் எப்படியோ வேலிக்கு வெளியிலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வைத்த பிளெக்ஸ் பேனரில், வளைவு, மேடை, ஏசி அறையோடு எங்கள் கழிவறையும் இருந்தது. ஓரத்தில் என் தோளும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கொதித்துக்கொண்டு மன்றத்துக்குப் போனேன். ஒரு பெயிண்டரை வரவழைத்து, இதைக் கட்டியது மன்றம்தான், பேரூராட்சி அல்ல என்று சுவரில் பெரிதாக எழுதச் சொல்லப் போவதாகப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஓடி முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து, மடக்மடக்கென்று. ஒருத்தி பாட்டிலை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பாத்ரூம் செவுத்துல எதுக்குக்கா எழுத்து? உள்ள ஒரு வாளியும் கப்பும் வாங்கிப் போடுங்க. கதவுக்குப் பின்னால துணி மாட்ட ஆணி வேணும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் அவள் கேட்டது நியாயம். கடைத்தெருவுக்குப் போய் வாளியும் கப்பும் ஆணியும் வாங்கினேன். பிறகு அடுத்த தெருவிலிருந்த பெயிண்டர் வீட்டுக் கதவையும் தட்டினேன்.