இயேசு படத்தின் கீழ் எரிந்த பல்பு

எண்பதுகளில் சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் அடுக்குமாடியில் குடியிருந்தோம். பக்கவாதத்தில் என் மனைவி ரெஜினாவின் பேச்சு போயிருந்தது. நான் சாங்கிக்கு வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு பிலோமினா அக்காதான் துணை. அவரைக் கூப்பிட ஒரு கருவி செய்தேன். ரெஜினா பொத்தானை அழுத்தினால், ஒரு சின்ன சிப் வயர் வழியாகச் செய்தி அனுப்பி, அக்கா வீட்டில் சிவப்பு பல்பை எரிய வைக்கும். எல்லார் கண்ணிலும் படட்டும் என்று அதை அங்கிருந்த இயேசு படத்தின் கீழ் மாட்டினேன்.

ஒரு நாள் அக்கா தன் தங்கையை வீட்டில் இருத்திவிட்டு மார்க்கெட் போனார். பல்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார். பல்பு எரிந்ததும் தங்கை சிலுவை போட்டுக்கொண்டு ஜெபமாலை சொல்ல உட்கார்ந்துவிட்டார்.

நான் வீடு திரும்பியபோது ரெஜினா கட்டிலிலிருந்து விழுந்து, பொத்தானைப் பிடித்தபடியே கிடந்தாள்.

"சாமி லைட்டுன்னு நெனச்சேன், அண்ணே," என்றார் தங்கை. எங்கள் வீட்டு இயேசு படத்தின் கீழும் அப்படி ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு நீல பல்பு, கூடவே மணி. அக்கா வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் நானே போய்க் காட்டினேன். ஆனால் அன்று விழுந்ததிலிருந்து ரெஜினாவின் விரல்கள் அசையவில்லை. பொத்தானை அவள் கையில் வைத்துவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போனேன்.