பத்திலிருந்து நாலு வரை

பூங்காவைப் பூட்டியது நீங்கள்தான். சாவியைத் திருப்பிய காவலாளி இல்லை. பகல் பத்து மணியிலிருந்து நாலு மணிவரை உள்ளே யாரும் வரக்கூடாது என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அதிகாரி, நீங்கள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் உள்ளே யார் வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

வெட்டிய புல்லின் வாசனையும், டப்பாவுக்குள் வியர்த்துப்போன புளிச்சோற்றின் வாசனையும் கலந்து வந்தால் எனக்கு இன்றும் நைனாவின் லீவு நாள்தான் நினைவுக்கு வரும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில், உலைக்கு முன்னால் நைனாவுக்கு வேலை. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். அடுத்த ஆள் வராவிட்டால் இன்னொரு எட்டு. வார விடுமுறை புதன்கிழமை என்பதால் எங்கள் வீட்டு ஞாயிறு புதனில்தான் வந்தது. மாதத்தில் ஒரு புதன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, மறுநாள் "வயிற்றுவலி" என்று கடிதம் நீட்டுவேன். "இன்னாடி, உன் வயிறு காலண்டரப் பாத்துதான் வலிக்குமா?" என்பார் டீச்சர். ஆனாலும் விட்டுவிடுவார். அவர் வீட்டுக்காரருக்கு லீவு வெள்ளிக்கிழமை.

லோக்கல் ரயிலில் ஏறி, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, சென்ட்ரலில் இறங்கி, அம்மாவும் நானும் நைனாவும் நடந்து அந்தப் பூங்காவை எட்டும்போது பத்து மணி தாண்டியிருக்கும். டிக்கெட்டைத் தவிர வேறு செலவில்லை. பட்டணம் என்றால் எனக்குக் கடல். நைனாவுக்கு அந்தப் பூங்காவின் சிமெண்டு பெஞ்சு. "கடலு எங்கியும் ஓடிடாது, மொதல்ல கொஞ்சம் குந்திக்கலாம்" என்பார். செருப்பைக் கழற்றி, தீப்பொறி பட்டுப் பட்டுப் புள்ளி விழுந்த பாதங்களைப் புல்லில் வைத்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார்.

ஒருமுறை எங்கோ சங்கு ஊதியது. நைனா திடுக்கிட்டு எழுந்து, "ஷிப்ட்டு மாறிடுச்சா?" என்று பெஞ்சில் கையுறையைத் தேடினார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், குந்துய்யா. இங்க உருக்கறதுக்கு ஐஸ் வண்டிதான் கீது." பக்கத்து பெஞ்சுக்காரர்கூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கும் கடல் இல்லை என்று புரிந்துவிட்டது. "குந்தறதுக்கு ஊட்லயே குந்தலாமே நைனா, இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "ஊட்ல குந்தினா, ஆளு வர்லனு சைக்கிள்ல வந்து கூட்டுகினு போயிடறான்மா. இங்க எவனுக்கும் என்னத் தெரியாது" என்றார்.

சூப்பர்வைசர் அனுப்பும் அந்தச் சைக்கிள் எங்கள் வாசலில் நின்ற புதன்கிழமைகள் எத்தனை என்று எனக்கும் தெரியும். வெறுங்கையோடு அது திரும்பிய புதன்கள், நாங்கள் பட்டணத்தில் இருந்தவை மட்டுமே. நைனா ஊர்சுற்ற வரவில்லை, ஒளிந்துகொள்ள வந்தார். அதற்குப் பிறகு கடலைப் பற்றி நான் பேசவில்லை.

இப்போது அவருக்கு வேலை இல்லை. முட்டியும் இல்லை என்றே சொல்லலாம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். போன மாதம் அவராகவே, "ஒருவாட்டி அங்க போயி குந்தினு வர்லாமா?" என்று கேட்டார். பழக்கத்தில் ஒரு புதன்கிழமைதான் போனோம். கேட்டில் பூட்டு. கம்பிக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகள் எல்லாம் காலி.

"பத்துக்கு மூடிடுவோம் பெரியவரே, நாலு மணிக்கு வாங்கோ" என்றார் காவலாளி.

"நாலு மணிக்கு நான் ரயில்ல இருக்கணும்பா."

காவலாளி தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இதுல குந்து. நான் இன்னா பண்றது, மேல சொல்றாங்கோ."

நைனா உட்காரவில்லை. "வாணாம்பா, அப்பறம் நீ நிக்கணும்" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு, போகலாம் என்றார்.

காலையில் நடக்கிறவர்களுக்குத் திறக்கிறீர்கள், மாலையில் நடக்கிறவர்களுக்கும் திறக்கிறீர்கள். அவர்கள் பக்கத்தில் குடியிருப்பவர்கள். தூரத்திலிருந்து வருகிறவர் பத்து மணிக்குத்தான் வந்து சேர முடியும். வெயில் ஏறிய அந்த ஆறு மணி நேரம் அவர் எங்கே உட்கார வேண்டும்? பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். கீழே உங்கள் பெயரைப் போட்டு, தெருவில் போகிறவர் எல்லோரும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், அந்தக் கேட்டிலேயே ஒட்டுங்கள்.