ஜப்பான்காரரும் எங்கள் நேர்த்திச் சேவலும்

கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை செய்த என் சித்தப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிய நாவலாசிரியர் ஒருவரின் கட்டுரைப் புத்தகத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பில் வாங்கிவந்தார். அன்றோடு பன்வில தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. போரின் பாவம் சுட்டவனோடு முடிவதில்லை, கொடி அசைத்தவனும் வாய்மூடி வீட்டில் இருந்தவனும் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அந்த எழுத்தாளரின் கட்சி. சித்தப்பா அதை வீட்டுக்குப் பொருத்தினார். தேங்காய்ச் சம்பல் தீர்ந்துபோனால், தின்ற நான் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்த அப்பாவும் குற்றவாளி.

"ஒங்க ஜப்பான்காரரு கோழி திங்க மாட்டாராடா?" என்று அப்பா கேட்டார்.

கேள்வியில் விஷயம் இருந்தது. அம்மா முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டிருந்த சிவப்புச் சேவலை அந்த வாரம் வெட்டப்போகிறார்கள். எதற்கான நேர்த்தி என்று அம்மா எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தீனி போட்டு வளர்த்தவள் நான். உலகத்தில் எனக்கிருந்த ஒரே வக்கீல் சித்தப்பா. "நான் பாத்துக்கிறேன் பாப்பா" என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

கோயிலில் பூசாரி சேவல்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். எங்கள் சேவலோ நனைந்தபடியே பூசாரியை முறைத்துக்கொண்டு நின்றது. மறுபடி தெளித்தார், அப்போதும் அசையவில்லை. ஜப்பான்காரரே பக்கத்தில் வந்து நின்றதுபோல் சித்தப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"வெட்டுறவரு மட்டுமில்ல, பாத்துக்கிட்டு நிக்கிற நாம எல்லாருமே இதுக்குப் பொறுப்புதான்" என்று ஆரம்பித்தார்.

"அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க தம்பி" என்றார் பூசாரி.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒங்கள பொலிஸ் புடிச்சிட்டுப் போன அன்னைக்கு நேந்தது தம்பி. நீங்க உசுரோட வந்து சேரணும்னு."

சித்தப்பா வீட்டில் இல்லாத அந்த நாட்களில், அவர் கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்ததாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் வக்கீல் அதற்குமேல் வாதாடவில்லை. மூன்றாம் முறை தண்ணீர் பட்டதும் சேவல் சிலிர்த்துக்கொண்டது. அதன் கால்களைப் பிடித்துக்கொடுத்தது சித்தப்பாவேதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குழம்பைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டு, ஜப்பான்காரரிடம் சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினேன். சித்தப்பா பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேல் லயத்துப் பெரியம்மாவும் அம்மாகூடச் சேந்துதான் சேவல் நேந்துவிட்டாங்க. அவங்க வெட்டவே இல்ல. அவங்கதான் நல்லவங்க!" என்று கத்தினேன். சித்தப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வாதத்தில் வென்றுவிட்டதாக நான் நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் மேல் லயத்தில் நின்று, கொழுத்துத் திரிந்த அந்தச் சேவலுக்கு ஒரு பிடி அரிசி போட்டேன். "நீ குடுத்துவச்சவன்டா" என்று அந்தப் பெரியம்மாவின் காதுபடச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டார்.

அவருடைய மகனையும் சித்தப்பாவோடு ஒரே ஜீப்பில்தான் ஏற்றிப்போயிருந்தார்கள். அவன் இன்றுவரை வரவில்லை. அந்தச் சேவலை வெட்டுகிற நாள் வந்துவிட வேண்டும் என்றுதான் அவர் தினமும் அதற்குத் தீனி போட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.