வெங்காயம் நுழையாத பள்ளிக்கூடம்

அந்த மைக்ரோஸ்கோப்பை நான் முதன்முதலில் பார்த்தது ஆயுத பூஜையன்று. சாமந்திச் சரம் சுற்றி, மேலிருந்து கீழ்வரை சந்தனமும் குங்குமமும் வைத்து, கண் வைத்துப் பார்க்கிற லென்ஸின் மேலேயும் ஒரு பெரிய பொட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூஜை முடிந்ததும் பெரிய மேடம் அதைத் துணியால் மூடி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். இனி அடுத்த தசராவுக்குத்தான் வெளியே வரும் என்று பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சர் சொன்னார்.

பெரிய மேடம் என்று நாங்கள் கூப்பிட்டது எங்கள் தலைமை ஆசிரியையை. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பழைய டிரஸ்ட் நடத்திய பள்ளி அது. அவர் மேல்கோட்டை வைணவக் குடும்பத்துப் பெண்மணி. தண்ணீர் குடித்தால் டம்ளர் உதட்டில் படாது. யாராவது பென்சிலை வாயில் வைத்தால், போய்க் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் மற்ற பேச்சு. நானோ கொள்ளேகாலிலிருந்து பெட்டியோடு பஸ் ஏறி வந்து புதிதாகச் சேர்ந்தவள். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். இன்று என் வகுப்பில் பெரிய திரை இருக்கிறது, தொட்டால் செல் கலர் கலராகச் சுழல்கிறது. அன்று சாக்பீஸை விட்டால் வேறு கதியில்லை.

ஏழாம் வகுப்பில் செல் பாடம். வட்டம் போட்டு, நடுவில் உட்கருவை வரைந்து, சவ்வு என்று அம்புக்குறி போடும்போது முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். இதை நீங்கள் நிஜமாகவே பார்த்திருக்கிறீர்களா மிஸ் என்று கன்னடத்தில் கேட்டாள். கிண்டலில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பார்த்ததில்லை. கல்லூரியில் நான் படித்தது இயற்பியல். பள்ளியில் படித்த காலத்தில் எங்களுக்கும் போர்டுதான். மனசு சுருக்கென்றது. இல்லை, ஆனால் பரீட்சைக்கு முன்னால் நாம் எல்லோரும் பார்ப்போம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

பாடப் புத்தகத்தில் இருந்தவை இரண்டே சோதனைகள். பெரிய மேடத்திடம் போய், வெங்காயத்தின் உள்தோலை உரித்து வைத்துப் பார்க்கலாம் என்றேன். வெங்காயமா என்றார் அவர். டிரஸ்ட் தொடங்கிய நாளிலிருந்து வெங்காயமும் பூண்டும் அந்த கேட்டைத் தாண்டியதில்லை, பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவில்கூடக் கூடாது. சரி, கன்னத்தின் உள்பக்கத்தைப் பல்குச்சியால் லேசாகச் சுரண்டினாலும் போதும் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எச்சிலைக் கண்ணாடியில் தடவி, ஊரே சுற்றி நின்று பார்ப்பதா என்று கேட்டு, போய் வகுப்பைக் கவனி என்று அனுப்பிவிட்டார்.

நான் விடவில்லை. தினமும் பிரேயர் முடிந்ததும் அவர் அறை வாசலில் போய் நிற்பேன். அவர் தலை நிமிராமலே, கூடாது என்பார், நான் திரும்பி வருவேன். வேலைக்கே உலை வைத்துக்கொள்கிறாய் என்று கணக்கு டீச்சர் பயமுறுத்தினார். போனால் போகட்டும் என்றிருந்தது. ஒருநாள் அவரே பொறுமையிழந்து, இதென்ன பிடிவாதம் என்று கேட்டார்.

"பார்க்காததைப் பார்த்த மாதிரி நடத்த எனக்கு வாய் வரலீங்க மேடம்."

அவரும் எத்தனையோ வருஷம் அதே படத்தைப் போட்டு நடத்தியவர்தான். தெரிந்தேதான் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் என் வகுப்பு நடுவில் பெரிய மேடம் வந்தார். மைக்ரோஸ்கோப்பை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அதை ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெங்காயம் டிரஸ்டோட விதி. அதை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது. எச்சல் என்னோட விதிதானே? அதை நானே மாத்திக்கறேன்."

சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை பிள்ளைகள் முன்னாலும் வாயைத் திறந்தார். பல்குச்சியால் அவர் கன்னத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு மூடி வைத்தேன். அவரே முதலில் குனிந்தார். திருகை முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு அசையவே இல்லை. மணி அடித்தது. அடுத்த வகுப்பு டீச்சர் வாசலில் வந்து நின்றார். கூப்பிட யாருக்கும் தைரியம் வரவில்லை.

"இத்தனை வருஷமா வட்டமா வட்டமா போட்டேனே," என்றார், கண்ணை எடுக்காமலே. "ஒண்ணுகூட வட்டமா இல்லை."

பிறகு நிமிர்ந்து, டப்பாவிலிருந்து புதிதாக ஒரு பல்குச்சியை எடுத்தார். முதல் பெஞ்சுப் பெண் ஆசையாக முன்னால் வந்தாள். இரு, உனக்கு அப்புறம் என்று அவளை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் பார்த்ததில்லைன்னுதானே சொன்னே? வாயைத் திற."

நான் திறந்தேன்.