கஜா மாமாவின் இழுவைத் தூண்டில்

முந்திரிக்கொட்டை எண்ணெயைக் காய்ச்சினால் எழும் நெடி ஒரு தெருவையே இரும வைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சேக்காட்டில் எங்கள் தெருமுனையிலேயே அது மூக்கில் ஏறி, கண்ணைக் கரித்து, பாவாடை நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓட வைக்கும். அந்த எண்ணெய் மரத்துக்கு நல்லது, தோலில் பட்டால் கொப்பளித்துவிடும் என்பது தெரியாமல் வெறுங்கையால் பூசிய அப்பா, சோற்றைப் பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிடச் சாப்பிட்டார். தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்து, அப்பா காலத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன குடும்பம் எங்களுடையது. கடல் பக்கமே தலைவைத்துப் படுக்காத எங்கள் வீட்டு வாசலில் அந்தத் தை மாதம் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. தெருவில் யாரும் அதைப் பார்க்காமல் தாண்டிப் போனதில்லை, பார்த்தவர்கள் ஒரு யோசனை சொல்லாமலும் போனதில்லை.

படகு வந்ததற்குக் காரணம் மீன் இல்லை, கஜா மாமா. என் அத்தை சரோஜாவின் கணவர். அப்பா வெல்டராக இருந்த அதே கம்பெனியில் ஃபிட்டர். எழுபதுகளின் தொடக்கத்தில் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டார்கள். அதுவரை எங்கேயோ புதர் மறைவில் நடந்துகொண்டிருந்த காரியம் சாலையோரத்துக்கே வந்து போர்டு மாட்டிக்கொண்டது. ஷிப்டு முடிந்து அப்பாவும் மாமாவும் ஒன்றாகத்தான் சைக்கிளை எடுப்பார்கள். அப்பா வீடு வந்து சேர்வார், மாமா வந்து சேரமாட்டார். குடிக்காத நேரத்தில் அவரைப் போலத் தங்கமான மனுஷனைப் பார்க்க முடியாது. குழந்தைகளுக்குப் பேன்கூடப் பார்த்துவிடுவார். ஒரு ராத்திரி தண்டவாளத்தை ஒட்டி நினைவில்லாமல் விழுந்து கிடந்தவரை ரயில்வே கேட் ஆள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார். விடிந்ததும் அத்தை இரண்டு பிள்ளைகளோடும் ஒரு துணிமூட்டையோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அந்த ஆளு பொணமா வர்றத என் கண்ணால பாக்க மாட்டேன், அண்ணி. இனிமே அந்த ஊட்டுக்குப் போவ மாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை அழுதால் அப்பா ஆடிப்போவார், அம்மா யோசிப்பாள். மாமாவுக்குச் சாயங்காலம் ஷிப்டு விட்டதிலிருந்து இருட்டும் வரைதான் ஆபத்து, அந்த நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் போதும் என்பது அவள் கணக்கு. மாமாவுக்கு மீன் என்றால் உயிர், ஏரிக்கரையில் தூண்டில் போட அனுப்பலாமே என்றார் அப்பா. அம்மா ஒரே போடாகப் போட்டாள். "தூண்டியப் போட்டுட்டுக் கரைல குந்திகினு கீறவன் பக்கத்துல பாத்தியா, மீனு கீதோ இல்லியோ, புட்டி கீது. ரெண்டு கையும் காலியே ஆவக் கூடாது. அந்த மாதிரி இன்னா கீது, சொல்லுய்யா."

அப்போதுதான் அப்பாவுக்கு எண்ணூர் ஞாபகம் வந்தது. கம்பெனி வேலையாக அங்கே போயிருந்தபோது, ஓடும் படகுக்குப் பின்னால் நீளமாகத் தூண்டில் நரம்பை விட்டு, அதன் நுனியில் பளபளக்கும் தகட்டை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதைப் பார்த்திருந்தார். தகடு ஓடுவதைச் சின்ன மீன் என்று நினைத்துப் பெரிய மீன் பாய்ந்து கவ்வும். ஏரியில் அப்படிச் செய்தால் துடுப்பை வலித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்தினாலும் தகடு மூழ்கிப் பாசியில் மாட்டிக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "அதான் வோணும்" என்றாள். "ஆனா பொருளு எதையும் புச்சா வாங்கக் கூடாது, சொல்ட்டேன்."

எண்ணூரில் கழித்துப்போட்டிருந்த படகு அது. கம்பெனி லாரி டிரைவர் ஒரு சாப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டு ஏற்றிவந்து போட்டார். பலகை இடுக்குகளில் பழைய தலையணைப் பஞ்சைத் தாரில் தோய்த்து அடைத்தார்கள். மெஷின் வந்த பெட்டிகளின் பலகை உட்காரும் கட்டையானது. சவுக்குக் கொம்பும் ப்ளைவுட்டும் சேர்ந்து துடுப்பானது. துடுப்பு நழுவாமலிருக்க உடைந்த சைக்கிள் ஹேண்டில்பாரை வளைத்து இரண்டு பக்கமும் முடுக்கினார்கள். படகின் பின்புறம் அப்பா இரண்டு குழாய்களைப் பொருத்தி ஒவ்வொன்றிலும் ஒரு மூங்கில் கழியைச் செருகினார். மீன் கவ்வினால் தெரிய வேண்டுமே என்று கழிகளின் நுனியில் என் பழைய கொலுசின் மணிகளைக் கட்டியபோது நான் போட்ட கூச்சலை யாரும் சட்டை செய்யவில்லை. நைலான் நரம்பும் முள்ளும் மட்டும் வேறு வழியில்லாமல் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியவை. நரம்பைச் சுற்றிவைக்க ஒரு பால் பவுடர் டப்பா. தகட்டுக்குத்தான் திண்டாட்டமாயிற்று. வெள்ளைத் தகரம் சீக்கிரம் துருவேறும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது, அத்தை எழுந்து போய்த் தன் துணிமூட்டையை அவிழ்த்து, கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் ஸ்பூன்களில் இரண்டை எடுத்துவந்து நீட்டினாள். அப்பா காம்பை வெட்டிவிட்டு, குழிந்த பாகத்தில் ஓட்டை போட்டு முள்ளை மாட்டினார். தகட்டைத் துடைத்துத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்த மாமா, ரயில்வே கேட் விஷயத்துக்குப் பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தார்: "நெசமாவே எனக்கா, மச்சான்?"

கோவில்பதாகை ஏரியில் வலை போடக் குத்தகைக்காரருக்குத்தான் உரிமை. தூண்டிலை யாரும் கேட்க மாட்டார்கள். மாட்டுவண்டியில் படகைக் கொண்டுபோய் இறக்கினோம். மாமா வலித்தார், மணி குலுங்கியது, விராலும் வாளையும் வந்தன. அத்தை பிள்ளைகளோடு தன் வீட்டுக்குத் திரும்பினாள். எங்கள் தெருவே மீன் குழம்பு வாசனையில் மிதந்தது. அம்மா மந்திரி போல நடந்துகொண்டிருந்தாள்.

மாசி போய்ப் பங்குனி வந்ததும் மீன் குறைந்தது, மாமா திரும்பி வரும்போது பாட்டு அதிகமாயிற்று. கொய்யாக் கொழுந்தை வேறு சதா மென்றுகொண்டிருந்தார். வாடையை மறைக்கத்தானோ என்று அத்தைக்குச் சந்தேகம். கரையிலேயே நின்று பார்த்தாள். மாமா கடைக்கும் போகவில்லை, யாரும் கொண்டுவந்து கொடுக்கவும் இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் நாங்கள் எல்லாரும் கரையில் இருந்தபோது நடு ஏரியிலிருந்து மாமாவின் அலறல் கேட்டது. வலப்பக்க நரம்பில் பெரிய வாளை மாட்டி, குறுக்கே ஓடி, இடப்பக்க நரம்பையும் சேர்த்துச் சிக்கலாக்கிவிட்டது. சந்தோஷத்தில் மனிதர் எல்லாவற்றையும் மறந்து கரைக்கு வலித்து வந்து, "சரோஜா, புடி! உட்றாத, இஸ்துகினே இரு!" என்று கத்தினார். அத்தை முட்டளவு தண்ணீரில் இறங்கிக் கைக்கு வந்த நரம்பைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க, தகட்டுக்குப் பதில் வந்தது ஒரு மருந்துப் புட்டி. கழுத்தில் முடிச்சு, வாயில் கார்க், மூழ்கியிருக்க ஈயக்கட்டி, உள்ளே பாதிக்கு மேல் சாராயம்.

"அது... மீனுக்குப் பளபளன்னு தெரியறதுக்கு" என்றார் மாமா.

"அப்பிடியா?" என்றாள் அத்தை. "எந்த மீனு மாட்டிகிச்சின்னு நல்லாத் தெரியிது."

அதற்குள் வாளை நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டிருந்தது. அத்தை மூட்டையைக் கட்டிவிடுவாள் என்று எங்களுக்கெல்லாம் பயம். அவள் மறுநாள் சாயங்காலம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏரிக்குப் போனாள். நீச்சல் தெரியாது, இடுப்பில் ஒரு லாரி டியூப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சாமி பேரையெல்லாம் சொல்லியபடி படகின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "வலி" என்றாள். மாமா வலித்தார். ஊர்ப் பையன்கள் கரையில் நின்று சினிமா ஜோடி என்று சீட்டியடித்தார்கள்.

அன்றிலிருந்து அத்தை இல்லாமல் அந்தப் படகு நகர்ந்ததில்லை. சில வாரங்களில் டியூப் போயிற்று, பிறகு மணியும் போயிற்று. நரம்பை விரலில் சுற்றிக்கொண்டால் மணிக்கு முன்னால் தனக்குத் தெரிந்துவிடுகிறது என்றாள். கோடையில் ஏரி சுருங்கும்போது படகைக் கவிழ்த்து மாமாவைச் சுரண்டவும் தார் பூசவும் வைத்தாள். மாமா அடியோடு நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசைதான். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் சறுக்கத்தான் செய்தார். ஆனால் அப்படி விழுந்து கிடந்ததில்லை, அத்தையும் அதன்பிறகு மூட்டை கட்டவில்லை.

சில வருடங்களில் சாராயக் கடைகளை மறுபடி மூடினார்கள். தன் யோசனை வேலையை முடித்துவிட்ட திருப்தியில் அம்மா, "அப்பாடா, இனிமே அந்தப் படக ஒடச்சி வெறகுக்குப் போட்ரு சரோஜா" என்றாள்.

அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "கடைக்குப் பயந்துகினா இன்னும் போறேன், அண்ணி? காலைல கண்ண முழிச்சதுலேர்ந்து ஓடிகினே கீறேன். அங்கதான் நான் குந்திகினு கீறேன், அவரு வலிக்கிறாரு. அது ஒண்ணுதான் எனக்கு. அதப் போயி வெறகாக்கச் சொல்றியே."

அன்று முழுக்க அம்மா அப்பாவிடம் சிடுசிடுவென்று இருந்தாள். ஏன் என்று அப்பாவுக்குக் கடைசி வரை புரியவில்லை.

மாமா பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி பார்த்து, வயசாகித்தான் போனார். படகு அதற்கு முன்பே உளுத்துவிட்டது. மூர் மார்க்கெட் எரிந்துபோய் எத்தனையோ காலமாயிற்று. கோவில்பதாகை ஏரியைச் சுற்றி இப்போது மாடி வீடுகள். மாமா படகைத் தள்ளிவிடும் இடம் எதுவென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாளையை மீன் கடையில்கூட நான் பார்த்து வருடக்கணக்காகிறது. கள்ளிக்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கும் அத்தையை, அவளுக்கு ஆசையாக இருக்குமே என்று, போன வருடம் படகு விடும் ஒரு ஏரிப் பூங்காவுக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். வாத்து மாதிரி பிளாஸ்டிக் படகுகள். டிக்கெட் கொடுத்த பையன், "பாட்டி, ரெண்டு பேரும் சேந்து மிதிச்சாத்தான் போவும்" என்றான்.

"நானும் மிதிக்கணுமா?" என்று கேட்டாள் அத்தை. மிதிக்கத்தான் வேண்டும் என்றான். உடனே என் கையைப் பிடித்துத் திரும்பிவிட்டாள். கேட் வரை வந்தவள் நின்று, கணவன்மார்களின் பக்கத்தில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டிருந்த பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாவம்டி" என்றாள். "படகுல ஏறியும் ஓடிகினே கீதுங்க."