கனவு நோட்டில் ஓர் இனிஷியல்

டெல்லியில் யாரும் யாரிடமும் மனம்விட்டுப் பேசாத ஒரு காலத்தில் நான் எம்.ஏ. வகுப்பில் உளப்பகுப்பாய்வு படித்தேன். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஆபீஸ் என்று தெரியாமல் வெங்காய விலையைப் பற்றிக்கூட ஜனங்கள் வாய் திறக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் மனசுக்கு அடியில் கிடப்பதை எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

கேட்டவர் எங்கள் பேராசிரியை. கல்கத்தாக்காரர், நல்ல பேச்சாளி. வியன்னாவில் ஒரு டாக்டர் நோயாளிகளைச் சோபாவில் படுக்கவைத்துக் கேட்ட கதைகள் எப்படி நாவலுக்குள்ளும் சினிமாவுக்குள்ளும் பிள்ளை வளர்ப்புக்குள்ளும் புகுந்தன என்று அவர் சொன்னால் வகுப்பே மயங்கிக் கிடக்கும். நான் மட்டும் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்பேன். அந்தப் புத்தகங்களில் வரும் வீடுகளில் பெற்றோருக்கு ஓர் அறை, குழந்தைக்கு ஓர் அறை, நடுவில் சாத்திய கதவு. கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்ததே இரண்டு அறைகள். ஊரிலிருந்து இன்டர்வியூவுக்கு வந்து தங்கும் சொந்தக்காரர்களையும் சேர்த்து ஏழு பேர் வரிசையாகப் படுப்போம். சாத்தும் கதவு என்றால் அது பாத்ரூம் கதவுதான். இந்தத் தியரி எங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக நுழையும் என்று எழுந்து கேட்டேன்.

பேராசிரியை சிரித்தார். நீ இவ்வளவு எதிர்ப்பதே அது உன்னை எங்கேயோ தொட்டுவிட்டது என்பதற்கு அடையாளம் என்றார். ஆமாம் என்றாலும் ஆமாம், இல்லை என்றாலும் ஆமாம். என்ன ஆட்டம் இது என்று எரிச்சலோடு உட்கார்ந்தேன்.

இருந்தாலும் படிப்பை விடவில்லை. முடித்ததும் பெங்களூருக்குப் போய் மனநல ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கவேண்டும் என்று ஆசை. அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று நல்ல மார்க். இன்னொன்று விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து. மார்க்குக்காக ஒரு பருவம் முழுக்க கனவு நோட்டு எழுதவேண்டும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். வந்த கனவை இடது பக்கத்தில், அதன் அர்த்தத்தை வலது பக்கத்தில். கையெழுத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டபோது, தனியாக அவ்வளவு தூரம் அனுப்பமுடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த வாரம்தான் அந்தக் கனவு வந்தது. அப்பா இறந்து முன்னறையில் கிடத்தியிருக்கிறார். நான் அழாமல் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருக்கிறேன். பரீட்சை முடிந்த மறுநாள் மாதிரி உடம்பெல்லாம் லேசாக இருக்கிறது. இடது பக்கத்தில் எழுதினேன். வலது பக்கத்தில், வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, இது மகளின் விருப்பம் என்று இங்கிலீஷில் எழுதினேன். நம்பி எழுதவில்லை. மார்க் வரும் என்று எழுதினேன்.

அப்பா ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டெண்ட். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எங்கள் காலனியில் எல்லா அப்பாக்களுக்கும் இருந்த பயம் அவருக்கும் இருந்தது. வருஷா வருஷம் மேலதிகாரி ரகசியமாக எழுதும் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்தான் அந்தப் பயம். அவரைப் பற்றி யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரியால் அவருக்கு வரவேண்டிய பிரமோஷன் அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அந்த வரி என்ன என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அதன்பிறகு, வீட்டில் யாராவது குனிந்து எதையாவது எழுதினாலே அவர் முகம் மாறிவிடும்.

ஆபீஸ் பழக்கம் ஒன்றும் அவர் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தன் பார்வைக்கு வந்த எந்தக் காகிதத்தின் மூலையிலும் இனிஷியல் போட்டுத் தேதி எழுதாமல் அவரால் கீழே வைக்கமுடியாது. ரேஷன் ரசீது, கல்யாணப் பத்திரிகை, ஊரிலிருந்து வரும் இன்லேண்ட் லெட்டர் எல்லாவற்றிலும் அது இருக்கும். அம்மா கிண்டல் செய்வாள். அவர் கண்டுகொள்ளமாட்டார்.

நோட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கனவுப் பக்கத்தின் வலது மூலையில், நீல மையில், அப்பாவின் இனிஷியல். கீழே நான்கு நாளைக்கு முந்தைய தேதி.

திருட்டுத்தனமாகப் படித்த மனிதர், படித்ததற்குச் சாட்சியும் போட்டுவைத்திருக்கிறார். சிரிப்பு வந்திருக்கவேண்டும். எனக்குத் தலைக்கு மேல் கோபம்தான் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். பின்பக்கத் தாழ்வாரத்தில் ஷேவ் செய்துகொண்டிருந்தார். ஒருத்தர் நோட்டை அவரைக் கேட்காமல் எடுப்பது என்ன நியாயம் என்று கேட்டேன். மூலையில் இருந்த தன் கையெழுத்தை அவர் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். கூச்சப்பட்டார். ஆனால் மறுக்கவில்லை.

"எதிரா ஒரு வரி எழுதினா, சம்பந்தப்பட்டவனுக்கு அதைத் தெரியப்படுத்தணும்னு ரூல் இருக்கும்மா. அவன் பதில் சொல்ல ஒரு சான்ஸ் குடுக்கணும்" என்றார்.

இது ரிப்போர்ட் இல்லை, கனவு, எல்லாரும் எழுதவேண்டிய பாடம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பாதி முகத்தில் நுரை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

"சரி. இப்பக் கேக்கறேன். நீ அப்படி நினைக்கறியா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான் என்னையே வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. அது ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது, எதை மூட வருகிறது என்று அதைப் பிடித்து நிறுத்தி உள்ளே தேடப் போய்விட்டேன். ஏழு மாதப் படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். தேடி நிமிர்ந்தபோது அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தார்.

"அச்சா, சரி" என்றார்.

அதற்குப் பிறகுதான் "இல்லப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஷேவிங்கைத் தொடர்ந்தார்.

மறுநாள் காலை பெங்களூர் விண்ணப்பம் கையெழுத்தோடு என் பை மேல் இருந்தது. அம்மா ஆச்சரியப்பட்டாள். எப்படி மனசு மாறினார் என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்று பொய் சொன்னேன். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கேவலமாக, சந்தோஷமாகவும் இருந்தது.

நான் பெங்களூருக்குப் போனேன், படித்தேன், அதையே தொழிலாகவும் ஆக்கிக்கொண்டேன். அப்பா அதன்பின் பதினோரு வருஷம் இருந்தார். ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுவார், கடிதம் போடுவார், எந்தக் குறையும் வைக்கவில்லை. அந்தக் கையெழுத்து சம்மதமா, இல்லை என் வழியிலிருந்து அவர் விலகிக்கொண்டதா என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அந்த இல்லையை நான் நம்பியிருக்கமாட்டேன்.