மெழுகு அடைத்த கட்டை

திருகாணி போட்டு வைக்கும் சின்ன டப்பா ஒன்றில் ஒரு மெழுகுத் துண்டு வைத்திருக்கிறேன். புளியங்கொட்டை அளவு இருக்கும். மஞ்சளாகி அழுக்கேறிவிட்டது. ஒரு பக்கத்தில் நகம் அழுந்திய தடம் உண்டு. என் நகம் இல்லை. வீடு மாறும்போதெல்லாம் டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பேன். இருக்கிறது என்று தெரிந்ததும் பையில் போட்டுக்கொள்வேன். இது என்ன என்று யாரும் கேட்டதில்லை. எனக்குப் பேச வராது. எட்டாவதோடு நின்றவள், எழுதவும் அவ்வளவாக வராது. ஆனாலும் இதைச் சொல்லாமல் வைத்திருந்து அலுத்துவிட்டது.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் ஒரகடத்தில் காருக்கான வயர்க் கட்டுகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். தங்கியது சுங்குவார்சத்திரத்தில், பெண்கள் ஹாஸ்டலில். ஒரு அறைக்கு ஆறு பேர். நான் அக்கா என்று கூப்பிட்டவள் என் பக்கத்துக் கட்டில். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில், கடலை ஒட்டி நாற்பது வீடுகள் உள்ள ஊர் அவளுக்கு. கம்பெனியிலும் அடுத்தடுத்த மேசைதான். அவள் செக்கிங், நான் ரீவொர்க். அவள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவதை நான் பிரித்துச் சரிசெய்வேன். சரிசெய்ததை மீட்டரில் வைத்துச் சோதிக்க வேண்டும். என்ன செய்தேன் என்று சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் அக்கா எதையும் வாங்க மாட்டாள். "சீட்டு எங்க புள்ள?" என்று தள்ளிவிடுவாள். ஒரு நாளைக்கு இருநூறு முறை குனிந்து நிமிர்வோம். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அதனாலேயே ஒத்துப்போனோம் என்று நினைக்கிறேன்.

அவள் அப்பா இறந்து காரியம் முடித்துத் திரும்பிய அன்று தோளில் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தாள். ஒரு பக்கம் பல் வரிசை மாதிரிக் கட்டைகள், நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. அவர்கள் ஊரில் அதைப் பெட்டி என்றுதான் சொல்வார்களாம். அக்கார்டியன் என்ற பெயர் எனக்குப் பிறகுதான் தெரியும். அறையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். "இதுக்கும் ஒரு ஐடி கார்டு போட்டுடுக்கா, காலைல ஷிப்டுக்கு வரட்டும்" என்றாள் ஒருத்தி. சத்தம் கேட்டு வார்டன் அம்மா வந்துவிட்டார்.

"இன்னா, கச்சேரியா நடக்குது இங்க? நைட்டு ஷிப்டு பொண்ணுங்கல்லாம் தூங்கினு கீதுங்க. ஒரு சத்தம் வந்துச்சு, பொட்டி ரோட்ல கெடக்கும், சொல்லிட்டேன்."

அக்கா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். ஊரில் மாதா திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. சப்பரத்துக்கு முன்னால் பெட்டி வாசிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. பெட்டியைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிடச் சொன்னது ஊர்க் கமிட்டி. இவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்பா மடியில் உட்கார்ந்து வாசித்தவள் நான் என்றாளாம். ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்கள். துருத்தியின் மூலையில் கிழிசல், காற்றுப் போனது. உப்புக் காற்றில் அங்கே எந்தப் பசையும் நிற்கவில்லை.

"நம்ம வயர்ல சுத்துற துணி டேப்பு இருக்குல்ல, அது நிக்கும். நீ ஒட்டிக் குடு. ஒட்டுற வேல உனக்குத்தான் வரும்."

ரோல் முடிந்து குப்பைக்குப் போகும் டேப் துண்டுகளைக் கடிகாரப் பட்டைக்கு அடியில் சுற்றிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா ஓ.டி.க்குப் போயிருந்தாள். மூலையை ஒட்டினேன். நன்றாகப் பிடித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. கட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் ஒரு மூடி எழும்பியது, அடியில் ஒரு ஓட்டை தெரிந்தது. ஒரே ஒரு ஓட்டையை மட்டும் ஏதோ அடைத்திருந்தது. எத்தனை வருஷத்து அழுக்கோ என்று நினைத்தேன். கனெக்டரிலிருந்து பின் எடுக்கும் ஊசியால் மெதுவாக நெம்பினேன். முழுசாக வந்துவிட்டது. மெழுகு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் ஒரு வேலை கேட்டாள், நான் இரண்டு செய்திருக்கிறேன் என்று.

துருத்தியை இழுத்து வாசித்துப் பார்க்க முடியாது, வார்டன் அம்மா கீழேதான் இருந்தார். அக்காவிடமும் சொல்லவில்லை. வாசிக்கும்போது அவளே கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். "ஒட்டிட்டேன்க்கா" என்றேன். அவ்வளவுதான். மீட்டரும் இல்லாமல், சீட்டும் இல்லாமல் நான் அனுப்பியது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ஊருக்குப் போகும்வரை அவள் கட்டில் சட்டத்தில் விரல்களை ஓட்டிப் பழகினாள். ஒரு இடம் வந்தால் விரலை அழுத்திக்கொண்டு அப்படியே நிற்பாள். உதடு மட்டும் அசையும். மறந்துபோய் யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் லீவு முடிந்து நேராக ஷிப்டுக்கு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, பெட்டியத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"எதையாச்சும் எடுத்தியா?"

"மெழுகு இருந்துச்சுக்கா. எடுத்துட்டேன்."

தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன பெட்டி அது. அப்போதே ஒரு கட்டை மட்டும் கழுதை மாதிரிக் கத்துமாம். பழுது பார்க்கத் தீவில் யார் இருக்கிறார்கள்? கோயில் மெழுகுவத்தியைச் சாய்த்து அந்த ஓட்டையில் ஊற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் பாட்டுகளே உண்டாயின. எல்லாப் பாட்டும் அந்த ஊமைக் கட்டையை வைத்துக் கட்டியது. விரல் அங்கே போய் நிற்கும், பெட்டி அடங்கும். அந்த அமைதியில் ஒவ்வொரு பெண்ணும் கடலுக்குப் போகிற தன் வீட்டு ஆளின் பேரைச் சொல்வாள். நாற்பது வீட்டுப் பேரும் ஒரே நேரத்தில். அது மாதாவின் காதில் விழுந்தால் ஆள் திரும்பி வருவான் என்பது அவர்கள் நம்பிக்கை.

"துக்க வீட்டுல முன்னாடி வாசிச்சுப் பாக்க முடியல. சப்பரம் தூக்கியாச்சு. நான் விரல வச்சேன். கத்துச்சு."

பெண்கள் வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் விரலைத் தூக்கப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பழகிய விரல், தூக்க வரவில்லை. மறுபடியும் கத்தியது. பாட்டு சிதறிவிட்டது. ஒரு கிழவி பேர் சொல்ல முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம். பெட்டியை யார் தொட்டது என்று கமிட்டி கேட்டது.

"நான்தான்னு சொன்னேன்."

"ஏங்க்கா?"

"வெளியாள் கையில குடுத்தேன்னு சொன்னா மட்டும் விட்டுருவாகளா? எழுந்திரி, மணி அடிச்சிருச்சு."

பெட்டி சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய்விட்டது. புது மெழுகு ஊற்றிவிட்டார்களாம். அந்த வருஷம் கடலில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு புயல் செய்திக்கும் அவள் ஊருக்குப் போன் போட்டு எல்லாப் படகும் வந்துவிட்டதா என்று கேட்டாள். நானும் பக்கத்தில் நின்று கேட்பேன். என்னை அவள் ஒரு சொல் திட்டியதில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கட்டில் சட்டத்தில் விரல் ஓட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

நாலு வருஷம் கழித்து ஆர்டர் குறைந்து எங்கள் லைனை மூடினார்கள். அவள் ஊருக்குக் கிளம்பினாள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டப்பாவைத் திறந்து மெழுகை நீட்டினேன். "இத எடுத்துனு போக்கா" என்றேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பெருவிரல் நகம் பதிய அதன்மேல் அழுத்தினாள். உதடு அசைந்தது. லாரிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பிறகு என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

"அங்க புதுசு இருக்கு. நீ வச்சுக்க."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

யார் பேரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இப்போது நான் தண்டலத்தில் ஒரு கல்லூரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். மழைக்காலத்தில் டிவியில் கடல் செய்தி சொன்னால் டப்பாவை எடுப்பேன். அந்தத் தடத்தில் என் விரல் சரியாகப் பொருந்தாது. ஆனாலும் அழுத்துவேன். சத்தம் வராது. அவள் பேரைச் சொல்லிவிட்டு மூடி வைப்பேன்.